குதிரைப்படைக்காரன் கல்லு

குதைபியா, மனாமா

ரெனீஷ் அப்பாவுக்கு,

கர்த்தர் கிருபையால நான் சுகம். நீங்களும் மாமியும் பிள்ளையும் அங்கே சுகமாத்தான் இருப்பீங்க. போன்ல சொன்னா பாதியிலேயே கட் பண்ணிடுவீங்க. அதனால எழுதி, லீவுக்கு வர்ற சுபிஷா கையில கொடுத்துவிடுறேன்.

ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல மாமி துணி துவைச்ச கல்லைப் பார்த்தேன். சோப்பு நுரைக்கு அடியில இங்கிலீஷ் எழுத்து தெரிஞ்சுது. நம்ம கல்லறைத் தோட்டத்து வெள்ளைக்காரன் கல்லுதானே அது? நெப்போலியனை எதிர்த்துச் சண்டை போட்ட குதிரைப்படைக்காரனும் அவன் பெண்டாட்டியும் ஒரே குழியில கிடக்கிறாங்க. சர்ச் கமிட்டியில உங்களைச் சேர்த்தது கல்லைத் தூக்கிட்டு வரவா? கேட்க ஆளில்லாத கல்லறைன்னு சொல்லாதீங்க. நான் கேட்கிறேன்.

அவன் செத்துப் பதினோரு வருஷம் கழிச்சு அவளும் செத்தான்னு அதுல வெட்டியிருக்கு. சின்னதுல அது மேல உட்கார்ந்து எழுத்துக்கூட்டி வாசிச்சவ நான்.

கிறிஸ்துமஸுக்கு நான் வரும்போது கல்லு அதோட இடத்துல இருக்கணும். இல்லேன்னா ஏர்போர்ட்ல இருந்து நேரா எங்க அம்மா வீட்டுக்குத்தான் போவேன்.

சுபிஷா திரும்பும்போது காயத்திருமேனி எண்ணெய் ஒரு குப்பி கொடுத்துவிடுங்க. ஆஸ்பத்திரிப் படியில சறுக்கிட்டேன், பெரிசா ஒண்ணுமில்லை. முதுகுல கை எட்டுற வரைக்கும் நானே தேய்ச்சுக்குவேன்.

டூட்டிக்கு நேரமாச்சு. எனக்கும் இங்கே தனியா வந்து பதினோரு வருஷம் ஆச்சு. அவளுக்குக் குழியிலயாவது புருஷன் பக்கத்துல இருக்கான். அந்தக் கல்லு மேல அழுக்குத் துணியைப் போட்டு அடிக்காதீங்க.

பியூலா