நீ தூங்கும்போது பார்த்த பிரஷர்

பெரியவனே,

சோறு அடுப்பு மேல் இருக்கிறது. சூடு பண்ணிச் சாப்பிடு.

"பிரஷர் மிஷினை ஏன்பா நோண்டுற, சும்மாவே இருக்க மாட்டியா?" என்று காலையில் கத்தினாய். நோண்டினேன்தான். எனக்குப் பிரஷர் என்று அது சொன்னதை நம்பாமல், நேற்று நீ நாற்காலியில் தூங்கும்போது உன் கையில் கட்டிப் பார்த்தேன். நூற்று எழுபது. என்னைவிட அதிகம். தூக்கத்திலும் பல்லை நறநறவென்று கடிக்கிறாய். வேலை உன்னைத் தின்கிறது, நீ என்னைத் தின்கிறாய்.

உன் அக்கா வீட்டுக்குப் போகிறேன். கோபமில்லை. நான் எதிரில் இருந்தால் கத்துவாய், இன்னும் ஏறும். நாளைக்கு லீவு போட்டு டாக்டரிடம் போ. டாக்டர்களை நான் நம்பமாட்டேன், நீ நம்பு.

- அப்பா

அக்கா குடும்பத்தோடு வெளியூர் போயிருக்கிறாள். அங்கே நான் மட்டும்தான். டாக்டர் சொன்னதைப் போனில் சொல். திட்டுவதற்காக இருந்தாலும் போன் பண்ணு.