அங்கே அப்பா என்னவாக இருப்பார்?

2022 ஜூலை 18, ஷெம்காங்
பள்ளியிலிருந்து நான்காவது ஆசிரியரும் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிவிட்டார். வேதியியலையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். கணக்கு வாத்தியாருக்கு எல்லாம் தெரியும் என்று பூட்டானில் யார் கிளப்பிவிட்டதோ!

ஜூலை 21
என் மனைவி யாங்சோம் மத்தியானம்தான் மருத்துவமனையிலிருந்து வந்தாள். குறைமாதக் குழந்தை ஒன்றைக் கெலெஃபு பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். தாதியாக இவள் கூடப் போனாள். வழியில் மலை சரிந்து சாலை அடைத்துக்கொண்டது. ஐந்து மணி நேரம் அந்தக் குழந்தையைத் தன் உடுப்புக்குள் நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தாளாம். பிழைக்கவில்லை.

அவள் அழவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே சொன்னாள்: "என் உடம்புச் சூடு மட்டும் போதல, லோபென். நான் இத முறையாப் படிக்கணும்."

லோபென் என்றால் வாத்தியார். பாதி மரியாதை, பாதி கேலி. இன்று கேலி இல்லை.

ஆகஸ்ட் 9
யாங்சோம் தேடிக் கண்டுபிடித்துவிட்டாள்: ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் பச்சிளங்குழந்தைகளைப் பராமரிக்கும் படிப்பு. குடும்பத்தோடு போகலாம். முதலில் ஆங்கிலத் தேர்வில் தேற வேண்டும்.

செப்டம்பர் 30
கட்டுரையில் அரைப் புள்ளி குறைவு. "அரைதானே" என்றாள்.

நவம்பர் 27
மறுபடி அதே அரைப் புள்ளி. நான் — வெட்கம்தான், ஆனாலும் எழுதுகிறேன் — உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

"உன் மூஞ்சியில நிம்மதி வழியுது, தொடச்சுக்க" என்றாள். பிறகு அவளே சிரித்தாள். எப்படித்தான் சிரிக்க முடிகிறதோ! சாப்பிட்டு முடித்ததும் நோட்டை எடுத்து அடுத்த கட்டுரையை ஆரம்பித்துவிட்டாள்.

2023 பிப்ரவரி 12
தேறிவிட்டாள்.

மருந்து அறையில் நின்றபடி, ஊசிக்கும் ஊசிக்கும் நடுவே எழுதிப் பழகியவள். என் மாணவர்களில் ஒருவருக்காவது இந்தப் பிடிவாதம் உண்டா? எனக்கு உண்டா?

மார்ச் 3
தலைமையாசிரியர் துப்கே அறைக்குக் கூப்பிட்டார். "பதினாறு வருஷ சர்வீஸ். அடுத்து இந்த நாற்காலி உனக்குத்தான். அங்க போய்த் தரை தொடைக்கப் போறியா?"

வீட்டில் அதை அப்படியே ஒப்பித்தேன். ஏன் ஒப்பித்தேன்? அவளே வேண்டாம் என்று சொல்லட்டும் என்றா?

செல்டன் கேட்டாள், ஏழு வயசு: "அங்க அப்பா என்னவா இருப்பாரு?"

"அப்பாவா இருப்பாரு" என்றாள் யாங்சோம். யோசிக்கக்கூட இல்லை.

அப்புறம் என்னிடம்: "உனக்கு இஷ்டமில்லன்னா இப்பவே சொல்லிடு. யாரும் போக வேணாம். இத என்னிக்கும் சொல்லிக் காட்ட மாட்டேன்."

மாட்டாள். பதினோரு வருஷமாகப் பார்க்கிறேன், சொன்னால் சொன்னதுதான். கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். இப்படிச் சொன்னால் மனுஷன் என்னதான் பண்ணுவான்!

மார்ச் 5
என் வகுப்புப் பிள்ளைகளை யாரிடம் விட்டுப் போவது? ஆனால் ஒன்று. கட்டி வைத்தாற்போல் இவள் இங்கேயே இருந்து, அடுத்த மழையில் இன்னொரு குழந்தை — அப்போது அவள் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

மார்ச் 14
ராஜினாமா கொடுத்துவிட்டேன். பத்தாம் வகுப்பில் சொன்னேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "நீங்களுமா சார்?"



ஆகஸ்ட் 20, பெர்த்
ஞாயிறு. துப்கே சார் சொன்னது சரிதான், முதியோர் இல்லத்தில் தரை துடைக்கிறேன். முதல் வாரம் முதுகு வலித்தது, அதைவிட மனசு. இப்போது முதுகு மட்டும்தான்.

யாங்சோம் வகுப்பு, பயிற்சி, வேலை என்று ஓடுகிறாள். அதற்கு நடுவிலும் தினம் ஒரு நோட்டில் எங்கள் மொழியில் என்னவோ எழுதுகிறாள். என்னவென்று இன்று கேட்டேன்.

"இங்க எல்லாத்துக்கும் மிஷின் இருக்கு. மிஷின் இல்லாத எடத்துல, கரண்ட் போன நேரத்துல, ரோடு அடைச்சுக்கிட்டா, அதே குழந்தைக்கு எதெதச் செய்யலாம்னு டீச்சர்கிட்ட கேட்டுக் கேட்டு எழுதறேன். அவங்களுக்கே அதுல பாதி புதுசாம். முப்பது பக்கம் ஆனதும் ஷெம்காங்குக்கு அனுப்பணும்."

வாங்கிப் படித்தேன். முதல் பக்கத்திலேயே ஒன்பது எழுத்துப் பிழை.

"சிவப்பு மை எங்கே?" என்றேன்.

"அந்த மேசையிலதான் இருக்கு, லோபென்."

பன்னிரண்டு பக்கம் திருத்தி முடித்துவிட்டேன்.