அப்பாவின் அம்பாசிடருக்குப் பூசிய பட்டி

அன்புள்ள அத்தானுக்கு,

நலம்தானே? நீங்கள்தான் காருக்கு அடியில் குனியவே இல்லையே, அதனால் முதுகுவலி குறைந்திருக்கும்.

இன்று எழுந்ததும் முதலில் நீங்கள் அனுப்பிய வீடியோவைத்தான் பார்த்தேன். என் அப்பாவின் அம்பாசிடர் பளபளக்கிறது. உங்கள் பட்டறைக் கூட்டாளி பெருமாள்ராஜ் பேசியதும் அதில் பதிவாகியிருக்கிறது.

"காரு தரையில பிடிச்ச துருவ எதுக்கு வே வெட்டணும்? மேல பட்டியப் பூசி ஓட்டைய மறைச்சு பெயிண்ட அடியும். உம்ம பொஞ்சாதி மஸ்கட்லல்லா இருக்கா, தெரியவா போவுது?"

நீங்களும் சிரித்தீர்கள். அந்தத் தரைக்கு மேல் என் அம்மாவை உட்காரவைத்துத்தான் தசராவுக்குக் குலசைக் கோயிலுக்குப் போகப்போகிறீர்கள்.

இங்கே காப்பி வாயில் வைக்க முடியவில்லை. உடன்குடிக் கருப்பட்டி கொடுத்துவிடச் சொல்லி எழுத நினைத்திருந்தேன். வேண்டாம். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, தசராவுக்கு முன்பே வருகிறேன். அந்தப் பட்டியை உங்கள் கண் முன்னால் நானே கொத்தி எடுப்பேன்.

கோமு