கரையேற்றிய கப்பலை இறக்காமல் போனவனுக்கு

எங்கள் தெருமுனை பூஜைச் சாமான் கடைக்காரர் வெள்ளிக்கிழமை தவறாமல் வாசலில் குங்கிலியம் புகைக்கிறார். மற்றவர்களுக்கு அது சாமி வாசனை. எனக்குக் கப்பல் வாசனை. இன்று அந்தப் புகை என் பெயின்ட் கடைக்குள் நுழைந்ததும் உன் மேல் கோபம் வந்தது. நீ எதிரில் இருந்திருந்தால் கையில் கிடைத்த டப்பாவை எடுத்து உன்மேல் வீசியிருப்பேன். நீ இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எழுத வேண்டும் என்று எனக்காகத் தோன்றவில்லை. கப்பல் பாதுகாப்புக் குழுவின் செயலாளர் போன் செய்தார். "சாருக்கு ஒரு நினைவுச் சுவர் கட்டறோம். பெரிய போட்டோ வெக்கறோம். நீங்க சாரோட பழைய ஃப்ரெண்டு. ஒரு பக்கம் உருக்கமா எழுதிக் குடுங்க, கல்வெட்டா போட்டுடலாம்" என்றார். எங்கே கட்டுகிறீர்கள் என்று கேட்டேன். கப்பலுக்கும் கடலுக்கும் நடுவில் என்றார். பின்னால் அலை தெரிய, முன்னால் நீ சிரித்துக்கொண்டிருக்க, ஜனங்கள் செல்ஃபி எடுக்க வசதியாக இருக்குமாம். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

அது எந்த இடம் என்று உனக்குத் தெரியும். கப்பலைத் தண்ணீரிலிருந்து இழுத்து ஏற்றிய தண்டவாளம் அங்கேதான் கிடக்கிறது. திரும்ப இறக்குவதற்கும் அது ஒன்றுதான் வழி. அதன் குறுக்கே சுவர் எழுப்பி, அந்தச் சுவரில் உன்னை மாட்டப் போகிறார்கள்.

சின்ன காஞ்சிபுரத்தில் கோயில் மணியோசைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவனுக்குக் கடல் பைத்தியம் எப்படிப் பிடித்ததோ, எனக்கு இன்றுவரை புரியவில்லை. கப்பல் அதிகாரியாகி ஊர் உலகமெல்லாம் சுற்றினாய். ஓய்வு பெற்றதும் பேசாமல் வீட்டில் இருந்திருக்கலாம். என் கடைக்கு வந்து நின்றாய்.

"டேய், ஒரு கிழவியைக் கண்டுபிடிச்சிருக்கேன். மூணு பாய்மரம். முழுக்கத் தேக்கு. துறைமுகத்துக்காரா உடைச்சு விறகுக்குப் போடப் போறாளாம். வா, காப்பாத்திடலாம்."

"எனக்கு நீச்சலே தெரியாதுடா."

"உன்னை யாரு நீந்தச் சொன்னா? எண்ணெயும் பெயின்ட்டும் எடுத்துண்டு வா."

இப்படித்தான் என் ஞாயிற்றுக்கிழமைகள் போயின. வந்தவாசி வழியாகப் பஸ் பிடித்துத் துறைமுகத்துக்குப் போவோம். என் மடியில் குங்கிலியப் பை இருக்கும். கண்டக்டர் ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு, "இன்னா சார், எந்தக் கோயிலுக்கு?" என்று கேட்டார். "கோயிலுக்கு இல்லப்பா, கிழவிக்கு மருந்து" என்றாய். "பாவம், வயசு இன்னா ஆவுது?" என்றார் அவர். "நூறு தாண்டிடுத்து, இன்னும் நேரா நிக்கறா" என்று நீ முகம் மாறாமல் சொன்னாய். அந்த மனிதர் நமக்கு முன் சீட்டில் இடம் பிடித்துக் கொடுத்தார்.

பலகைக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சைத் திரித்துக் கட்டைச் சுத்தியால் அடித்து இறக்கி, மேலே குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவார்கள். கலப்பத்து என்று அதற்குப் பெயர். துறைமுகத்து ஆட்கள் அடித்தார்கள், நான் காய்ச்சினேன், நீ எல்லார் உயிரையும் வாங்கினாய். காலையிலும் சாயங்காலமும் உன் கேன்வாஸ் வாளியைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கி, மேல்தளம் முழுக்க உப்புத் தண்ணீர் ஊற்றுவாய். கழுவியதையே ஏன் கழுவுகிறாய் என்று ஒருநாள் எரிச்சலோடு கேட்டேன்.

"கழுவலடா. குடிக்கக் குடுக்கறேன். மரம் காஞ்சா சுருங்கும். சுருங்கினா இடுக்கெல்லாம் வாயைத் திறந்துடும்" என்றாய்.

ஆக, உனக்குத் தெரிந்திருந்தது. தெரியாமல் செய்தவன் மேல் கோபம் வந்தால் ஆறிவிடும். உன் மேல் வந்த கோபம் ஆற மாட்டேன் என்கிறது.

அத்தி வரதரை வெளியில் எடுத்த வருஷம் நினைவிருக்கிறதா? அத்திமரத்தில் செய்த சாமி கோயில் குளத்துக்கு அடியில் நாற்பது வருஷம் கிடப்பார். ஒரு மண்டலம் மேலே வந்து ஜனங்களுக்கு முகம் காட்டிவிட்டு மறுபடியும் தண்ணீருக்குள் போய்விடுவார். வேறு ஊர்க்காரனுக்குச் சொன்னால் ஆச்சரியப்படுவான். நமக்கு அது சாதாரண விஷயம். அந்த வெயிலில் வரிசையில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாய். எல்லாரும் சாமியை எட்டி எட்டிப் பார்க்க, நீ மட்டும் திரும்பி நின்று கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"எவ்வளவு பேர் வரா பாத்தியா? நம்ம கிழவியைப் பாக்கப் படகுல ஏறி எத்தனை பேர் வரா? வாந்தி வரும்னு பாதிப் பேர் திரும்பிப் போயிடறா. கொஞ்ச நாள் கரையேத்தி எல்லாருக்கும் காட்டிட்டு, திரும்ப இறக்கிடலாம்."

"இங்க எடுத்தவங்க திரும்ப வெச்சுடுவாங்கடா. அங்க யாரு வெப்பாங்க?"

"நான் இருக்கேனே."

நம்ம ஊர்க்காரனைத் தவிர வேறு எவனுக்கும் இப்படி ஒரு யோசனை வந்திருக்காது. தண்ணீரிலிருந்து எடுத்தால் நாள் வந்ததும் திரும்பப் போட்டுவிடுவார்கள் என்று உலகத்தில் வேறு எவன் நம்புவான்? அங்கே அதற்கென்று முறை இருக்கிறது, நாள் இருக்கிறது, நாள் தவறினால் கேட்க ஊர் இருக்கிறது. உன் கப்பலுக்கு நீ மட்டும்தான் இருந்தாய்.

கப்பலுக்கென்று ஒரு குழு சேர்த்துக் கரையேற்றினோம். கூட்டம் வந்தது, அதை மறுக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகள் சுக்கானைப் பிடித்துச் சுழற்றியதைப் பார்த்து நீ கண் கலங்கியதையும் மறக்கவில்லை. கோடை விடுமுறை முடியட்டும் என்றார் செயலாளர். சரி என்றாய். பொங்கல் கூட்டம் முடியட்டும் என்றார். அதற்கும் சரி என்றாய். யாரிடமும் முகத்தை முறிக்கத் தெரியாத ஜென்மம் நீ. பொங்கலுக்கு முன்னால், ஒரு காலையில், காபி டம்ளரைக் கீழே வைத்த கையோடு போய்ச் சேர்ந்தாய். நான் இருக்கேனே என்றவன் செய்கிற காரியமா இது?

உன் காரியமெல்லாம் முடிந்த பிறகு நான் போய்ப் பார்த்தேன். தளத்தில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தியிருந்தார்கள். "பப்ளிக் வழுக்கி விழுவாங்க சார், சேஃப்டி முக்கியம்" என்றார் செயலாளர். அதற்குப் பதிலாகப் பளபளவென்று வார்னிஷ் அடித்திருந்தார்கள். பாய்மரத்தில் இதய வடிவத்தில் கலர் பல்பு. கீழ் அறையில் இறங்கி நின்றேன். பலகை இடுக்கு வழியாக வெளியே ஐஸ்கிரீம் வண்டி தெரிந்தது. வண்டிக்காரர் சில்லறை எண்ணுவது வரைக்கும் தெரிந்தது. விறுவிறுவென்று மேலே ஏறிச் செயலாளரிடம் போனேன்.

கப்பலை இறக்குங்கள் என்று கத்தினேன். "இப்ப இறக்கினா முழுகிடும் சார். இவ்ளோ இடுக்கு இருக்கு, நீங்களே பாக்கறீங்களே" என்றார். காயப்போட்டு வாயைப் பிளக்க வைத்துவிட்டு, வாய் பிளந்திருக்கிறதே என்று என்னிடமே சொல்கிறார். ஈரச் சாக்கைப் போட்டு ஊற வைத்தால் மரம் உப்பி இடுக்கு மூடிக்கொள்ளும், பிறகு இறக்கலாம் என்றேன். குழுவில் பேசுகிறோம் என்றார். பேசி எடுத்த முடிவுதான் இந்தச் சுவர்.

சுவர் விஷயத்தைச் சொல்ல நேற்று உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தார்.

"போட்டோ கேட்டு ஆள் அனுப்பினா. கிடையாதுன்னுட்டேன். திரும்ப இறக்கிடறேன்னு ஊர் பூரா சொல்லிண்டிருந்த மனுஷர். அவரையே குறுக்கே நிக்க வெப்பாளாமா?" என்றார். குரலே உயரவில்லை. உள்ளே போய் உன் கேன்வாஸ் வாளியைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார். "இதை இன்னும் எத்தனை நாள் நான் பாத்துண்டிருக்கறது? எடுத்துண்டு போங்கோ."

அவருக்கு நான் சொல்லாத ஒன்றை உனக்குச் சொல்கிறேன். கொஞ்ச காலமாகவே ஞாயிற்றுக்கிழமைகளில் மறுபடியும் அந்தப் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறேன். கூட்டம் வராத பின்பக்க அறையில் பழைய சாக்குகளை விரித்து உப்புத் தண்ணீர் ஊற்றுகிறேன். முதல் நாள் வாட்ச்மேன் வழி மறித்தார். நான் போட்ட சத்தத்தில் ஒதுங்கிக்கொண்டார். அடுத்த வாரம் அவரே ஒரு ஓஸ் பைப்பைத் தேடிக் கொண்டுவந்தார். மற்ற நாட்களில் சாக்கு காயாமல் பார்த்துக்கொள்கிறவரும் அவர்தான். ஊற்றுவதெல்லாம் இடுக்கு வழியாகக் கீழே மணலில் விழுந்துகொண்டே இருந்தது. நீயும் வேண்டாம் உன் கப்பலும் வேண்டாம் என்று பாதி வழியில் இறங்கித் திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமைகளும் உண்டு.

போன வாரம் வாட்ச்மேன் கப்பலுக்கு அடியில் குனிந்து போய்ப் பார்த்தார். பலகையைக் கையால் தடவினார்.

"ஐயா, இந்தப் பக்கம் ஒழுகல" என்றார். "இன்னும் ஊத்துங்க, பாப்போம்."

ஊற்றினேன். ஒழுகவில்லை. ஆறேழு பலகை அகலம்தான், ஆனாலும் மூடிக்கொண்டிருக்கிறது. உன் கிழவிக்கு இன்னும் குடிக்கத் தெரிகிறது.

கல்வெட்டுக்கு ஒரு பக்கம் கேட்ட செயலாளருக்கு இந்தக் கடுதாசியைத்தான் அனுப்பப் போகிறேன். குழுவில் இருக்கும் மற்றவர்களுக்கும் ஆளுக்கு ஒரு நகல் போகும். படிக்கட்டும். தண்டவாளத்தின் மேல் முதல் கல் வைக்க வரும் அன்று நான் அங்கே உட்கார்ந்திருப்பேன். இந்த வயதில் என்னைத் தூக்கிப் போட வேண்டுமென்றால் அவர்களுக்கும் சிரமம்தான்.

போன வாரம் கிளம்பும்போது வாட்ச்மேன் கப்பலை அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை ஒருமுறை பார்த்தார். "மீதி எல்லாத்தையும் யாருய்யா நனைக்கறது?" என்று கேட்டார்.

"நான் இருக்கேனே" என்று சொல்லிவிட்டேன்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அது உன் வார்த்தை என்று உறைத்தது. போகிற போக்கில் அதையும் என் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறாய். வந்தவாசி தாண்டும் வரைக்கும் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன்.