பையோடு நீ பாடிய ஞாயிறு

வயிற்றில் தடவிய பழுப்பு மருந்தின் வாசனை இன்னும் போகவில்லை. எனக்குப் பித்தப்பையில் கல். நான்கு சின்னத் துளை போட்டு, கேமராவை உள்ளே விட்டு, பித்தப்பையையே எடுத்துவிட்டார்கள். நாளை வீட்டுக்குப் போகலாமாம். இந்த வாசனையோடு நீயும் நினைவுக்கு வந்துவிட்டாய்.

உன் ஆபரேஷன் இவ்வளவு லேசானதில்லை. ரத்தம் போவதை மூலம் என்று நினைத்து மாதக்கணக்கில் மறைத்தாய். கடைசியில் நான்தான் உன்னை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மலக்குடலில் புற்றுநோய்க் கட்டி என்றார் டாக்டரம்மா. படம் வரைந்தே காட்டினார். கட்டியுள்ள பகுதியை வெட்டி எடுக்க வேண்டும். மேலே இருந்திருந்தால் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்துவிடலாம். இது ஆசனவாயை ஒட்டி இருந்தது. அதனால் குடலின் முனையை வயிற்றின் இடப்பக்கமாக வெளியே கொண்டுவந்து, அதன்மேல் மலம் சேர ஒரு பை ஒட்டுவார்கள். காலம் முழுக்க அந்தப் பை இருக்கும்.

திரும்பும் வழியில் அல்சூர் ஏரிக்கரையில் உட்கார்ந்தோம்.

"மாதா கோயில்ல பாடறப்ப அது சத்தம் போட்டா? நாறினா? வேணாம்டி. இருக்கற வரைக்கும் இருந்துட்டுப் போறேன்" என்றாய்.

"நீ இல்லாம பாட்டு வரிசைல நான் மட்டும் நின்னு என்னடி பண்றது?" என்று கத்திவிட்டேன். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நீ என் வாயைப் பொத்தினாய். பிறகு, "சரி. பைய மாத்தறப்ப நீ மூக்கப் பொத்தக் கூடாது" என்றாய்.

ஆபரேஷன் முடிந்து சில மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி பாட வந்தாய். நற்கருணை முடிந்து எல்லோரும் கண்மூடி அமைதியாக இருந்தபோது, நீ பயந்தது நடந்தது. உன் பையிலிருந்து நீளமாக, தெளிவாக ஒரு சத்தம். உன் உதடு நடுங்கியது. அழப்போகிறாய் என்று நினைத்தேன். நீயோ என் பக்கம் சாய்ந்து, "சுருதி சரியாத்தானே இருக்கு?" என்றாய். நம் வரிசையே சிரிப்பில் குலுங்கியது. சாமியாரும் சிரிப்பை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டார். கடைசிப் பாட்டை அன்று எல்லோரையும் விட உரக்கப் பாடினாய்.

இன்று பக்கத்துக் கட்டில் பெண், அதே பை வேண்டாம் என்று மகளிடம் அழுதுகொண்டிருந்தாள். உன்னைப் பற்றிச் சொன்னேன்.

"அந்த அக்கா இப்ப எங்க?"

"போன வருஷம் தவறிட்டாங்க. மாரடைப்பு. அதுக்கு முன்னாடி பல வருஷம் பையோடதான் பாடினாங்க."

"நிஜமாவே சிரிச்சாங்களா?"

"முதல்ல அழுகைதான் வந்துச்சு. அப்புறம் சிரிச்சாங்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டாக்டரம்மா வந்தா என்னை எழுப்பு" என்று மகளிடம் சொல்லிவிட்டுப் படுத்தாள்.

உன்னைப் பற்றிப் பேசினால் இப்போதெல்லாம் எனக்கு அந்தச் சிரிப்புதான் வருகிறது. இன்றும் வந்தது. துளை போட்ட இடமெல்லாம் வலிக்க வலிக்கச் சிரித்தேன்.