அழியாத நகல்

தோஹா

அன்பின் பர்ஹானா, அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் பிள்ளையும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். ஊருக்கு வரும் றமீஸிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

இன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. எங்கள் கம்பனியின் ஓடர்கள் மூலம், அதன் நகல் என்று இரண்டு டேட்டாபேஸில் ஒரேமாதிரி இருக்க வேண்டும். கொஞ்ச நாளாக ஒத்துவரவில்லை. மனேஜர் என்னைத்தான் முறைத்தார். காரணத்தை நானே பிடித்துவிட்டேன். இரண்டிலும் விவரங்களைச் சேமிக்கும் மென்பொருள், அதை என்ஜின் என்போம், வேறு வேறு. ஓடரைப் பாதியில் ரத்துச் செய்தால் மூலம் அந்த ஓடர் முழுவதையும் அழித்துவிடும். நகலோ எழுதியவரைக்கும் வைத்துக்கொண்டிருக்கும். நகலுக்கும் மூலத்தின் என்ஜினையே போட்டேன். இப்போது இரண்டும் ஒன்று. மனேஜர், என்ன வேண்டுமென்று கேட்டார்.

எனக்கு உன் நினைவுதான் வந்தது. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வருகிறேன் என்று முன்பு உன்னிடம் சொன்னேன். பிறகு லீவு இல்லை, விடு என்றேன். "பரவால்ல மச்சான்" என்றாய். ஆனால் மகள் போனில், "வாப்பா, பெருநாளைக்கு உடுக்க உங்கட சாறன உம்மா அயன் பண்ணி வெச்சிரிக்கா" என்றாள். நான் ரத்துச் செய்த வருகை உன் பக்கத்தில் அழியவேயில்லை.

லீவு கேட்டேன், கிடைத்துவிட்டது.

றமீஸ் கீழே ஹோர்ன் அடிக்கிறார். அவர் திரும்பி வரும்போது மாசிச் சம்பல் கொடுத்தனுப்பச் சொன்னேன்தானே, அதை ரத்துச் செய்கிறேன், வந்தே சாப்பிடுகிறேன். இந்த ஒன்றை மட்டும் நீயும் அழித்துவிடு.

உன்,
சிஹான்