இடது காதுக்கு நான்கு சொட்டு

என்னங்க, இன்றைக்கும் எனக்கு இரட்டை ஷிப்ட். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன்.

ரப்பர் பேண்டு போட்ட பாட்டில்தான் உங்கள் காது மருந்து. பக்கத்தில் இருப்பது என் கண் மருந்து, மாற்றி எடுத்துவிடாதீர்கள். முதலில் உள்ளங்கையில் கொஞ்ச நேரம் பொத்தி வைத்திருங்கள். சில்லென்று விட்டால் தலை சுற்றும். வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, இடது காதில் நான்கு சொட்டு. பாட்டில் முனை காதில் படக்கூடாது. யார் கதவைத் தட்டினாலும் ஐந்து நிமிஷம் எழுந்திருக்காதீர்கள். வலி போய்விட்டதென்று நிறுத்தவும் வேண்டாம். டாக்டர் ஏழு நாள் சொல்லியிருக்கிறார்.

பி.கு.: "செவிடன் காதுல ஊதின சங்கு"ன்னு நாலு நாளாகத் திட்டினேன். காது அடைத்திருந்ததை நீங்களும் வாய் திறந்து சொல்லவில்லை. காலையில் பக்கத்தில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். நல்ல காது தலையணையில் புதைந்திருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்: அப்படிப் பேசியிருக்கக் கூடாது.